அமெரிக்கக் கவுன்ட்டி ஜெயிலில் இருப்பவரைத் தேடுவதும் அவரிடம் பேசுவதும்

கேள்வி: "என் தம்பி கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் வேலை பார்க்கிறான். எச்-1பி விசா. சனிக்கிழமை ராத்திரி போலீஸ் அழைத்துப் போய்விட்டதாகக் கூடத் தங்கியிருக்கும் பையன் சொன்னான். தம்பியின் போன் அணைந்தே கிடக்கிறது. மதுரையிலிருந்து அவனை எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படிப் பேசுவது?"

வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது என்று தெரியும். அதனால் ஆறுதலான விஷயத்தை முதலில் சொல்கிறேன். அங்கே கைதானவரின் பெயர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, அடுத்த கோர்ட் தேதி எல்லாம் பொதுவாக யார் கேட்டாலும் கிடைக்கும் தகவல்கள். உறவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, யாரையும் சிபாரிசு பிடிக்க வேண்டியதில்லை. போன் அணைந்திருப்பதற்கும் பயப்படாதீர்கள். உள்ளே போகும்போதே போன், பர்ஸ், பெல்ட் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு பையில் போட்டுவிடுவார்கள்.

ஊர் எந்தக் கவுன்ட்டியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. கலிஃபோர்னியாவில் 58, டெக்சாஸில் 254. ஒவ்வொன்றிலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஷெரிஃப் இருப்பார், ஜெயில் பெரும்பாலும் அவர் பொறுப்பில். ஃப்ரீமான்ட் இருப்பது அலமேடா கவுன்ட்டியில். அதன் பெரிய ஜெயில் டப்ளின் ஊரில் இருக்கும் சான்டா ரீட்டா. பக்கத்திலேயே உள்ள மில்பிடாஸிலோ சான் ஹோசேயிலோ பிடிபட்டிருந்தால் அது சான்டா கிளாரா கவுன்ட்டி, ஜெயிலும் வேறு, தேடும் பக்கமும் வேறு. டெக்சாஸில் நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் ஃப்ரிஸ்கோவில் ஒரு பகுதி காலின் கவுன்ட்டி, இன்னொரு பகுதி டென்டன் கவுன்ட்டி. ஆகவே வீடு எங்கே என்பதைவிட, எங்கே வைத்துப் பிடித்தார்கள் என்பதை அந்தப் பையனிடம் நன்றாக விசாரியுங்கள். ஹைவேயில் கார் ஓட்டும்போது பிடித்திருந்தால் வீட்டு விலாசத்துக்கும் ஜெயிலுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். கனெக்டிகட், டெலவேர், ரோட் ஐலண்ட், வெர்மான்ட், ஹவாய் ஆகிய மாநிலங்களில் கவுன்ட்டி ஜெயில் ஏற்பாடே கிடையாது. அங்கே மாநிலச் சிறைத் துறையின் பக்கத்தில்தான் தேட வேண்டும்.

கவுன்ட்டி தெரிந்ததும், அந்த ஷெரிஃப் அலுவலகத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில் இன்மேட் லொக்கேட்டர் என்ற தேடும் வசதி இருக்கும். கூகுளில் தேடினால் விளம்பரத் தளங்கள் மேலே வந்து நிற்கும். பணம் கேட்கும் எதையும் தொடாதீர்கள், ஷெரிஃபின் பக்கம் இலவசம். கைதான உடனே பெயர் அதில் ஏறிவிடாது. நகரப் போலீஸ் தன் லாக்கப்பில் சில மணி நேரம் வைத்திருக்கலாம். ஜெயிலுக்குக் கொண்டுபோன பிறகும் கைரேகை, போட்டோ, உடல்நலக் கேள்விகள் என்று புக்கிங் முடியவே பாதி நாள் ஆகலாம். வார இறுதி இரவென்றால் இன்னும் இழுக்கும். பெயர் வரவில்லை என்றால் மூன்று நான்கு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் பெயர்தான். அமெரிக்கக் கம்ப்யூட்டருக்கு முதற்பெயரும் குடும்பப்பெயரும் தனித்தனியாக வேண்டும். நமக்கோ அப்பா பெயர் ஒரு எழுத்தில் முன்னால் நிற்கும். உதாரணத்துக்கு, வீட்டில் மு. கார்த்திகேயன் என்று அழைக்கப்படுபவர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்கு முருகேசன் என்று கொடுத்திருந்தால், ஜெயில் பதிவில் அவர் முருகேசன். நீங்கள் கார்த்திகேயன் என்று நாள் முழுக்கத் தேடினாலும் "யாரும் இல்லை" என்றுதான் வரும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் கதை இன்னும் சிக்கல். அமெரிக்க விசாவில் அவருடைய சொந்தப் பெயரைக் குடும்பப்பெயர் இடத்தில் போட்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சடித்துவிடுவார்கள். அந்த மூன்று எழுத்தே சில பேருடைய டிரைவிங் லைசன்ஸிலும் ஏறியிருக்கும், அங்கிருந்து ஜெயில் பதிவுக்கும் வந்திருக்கும். ஆகவே தம்பியின் பாஸ்போர்ட் நகலையும் விசா பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள எழுத்துக்கூட்டல் எதுவோ அதையே அடியுங்கள். வரவில்லையா, முன்பின்னாக மாற்றிப் போடுங்கள். அதற்கும் வரவில்லையா, குடும்பப்பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் போடுங்கள், பல கவுன்ட்டிகளில் அது வேலை செய்யும். சுந்தரராஜன் போன்ற நீளமான பெயர் இரண்டாக உடைந்து பதிவாகியிருக்கலாம், செந்தில் போன்ற பெயரில் டி வரவேண்டிய இடத்தில் டி-எச் வந்திருக்கலாம். பிறந்த தேதி கேட்டால் அங்கே மாதம்தான் முதலில் வரும். ஆகஸ்ட் 5-ஐ நம் வழக்கப்படி 05/08 என்று அடித்தால் அது மே 8 ஆகிவிடும்.

இவ்வளவு செய்தும் கிடைக்கவில்லை என்றால் ஜெயிலுக்கே போன் போடுங்கள். பெரிய கவுன்ட்டிகளில் இரவிலும் ஆள் இருப்பார்கள். இந்தியாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம் வித்தியாசம். எடுப்பவரிடம் நடந்த கதையெல்லாம் சொல்லவேண்டாம். பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, பிறந்த தேதி சொல்லி, இவ்வளவு கேளுங்கள்: இவர் உங்கள் காவலில் இருக்கிறாரா, புக்கிங் எண் என்ன, என்ன குற்றச்சாட்டு, ஜாமீன் எவ்வளவு, எந்தக் கோர்ட்டில் எப்போது ஆஜர்? அலமேடாவில் ஒவ்வொரு கைதிக்கும் பி.எஃப்.என். என்று ஒரு எண் உண்டு. அதை வாங்கி எழுதி வைத்துக்கொண்டால் பிறகு பெயர்த் தொல்லையே இருக்காது, கடிதம், பணம், வக்கீல் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். "அவனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் செய்யமாட்டார்கள். உடல்நலம் மட்டும் விதிவிலக்கு. தம்பிக்குச் சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, மனநல மருந்து ஏதாவது இருந்தால் மருத்துவப் பிரிவுக்கு இணைப்பு கேட்டு மருந்தின் பெயரையும் அளவையும் டாக்டர் பெயரையும் உடனே சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் பற்றிச் சிறிய சந்தேகம் இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். மானம் போகுமே என்று யோசிக்கிற நேரம் இதுவல்ல.

வைன் (VINE) என்ற அறிவிப்பு வசதி பல மாநிலங்களில் உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 1994-இல் கென்டக்கி மாநிலத்தில் தொடங்கியது, இப்போது யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். கைதி வெளியே வந்தாலோ வேறு இடத்துக்கு மாற்றப்பட்டாலோ தகவல் அனுப்பும். குடியேற்றத் துறையான ஐஸ் பிடித்திருந்தால் அதற்குத் தனித் தேடும் பக்கம் இருக்கிறது. அதில் ஏ-எண் என்ற ஒன்பது இலக்க எண்ணோ, இல்லையென்றால் பெயரும் பிறந்த நாடுமோ வேண்டும். பெயர் ஒரு எழுத்து மாறினாலும் காட்டாது.

இனி பேசும் விஷயம். நீங்கள் ஜெயிலுக்குப் போன் செய்து அவனிடம் பேச முடியாது, அவன்தான் கூப்பிட வேண்டும். கலிஃபோர்னியாச் சட்டப்படி கைதானவருக்கு மூன்று மணி நேரத்துக்குள் மூன்று போன் பேசும் உரிமை உண்டு. சிறு குழந்தையை வைத்துக் கவனிக்கும் பெற்றோர் என்றால் குழந்தைக்கு ஏற்பாடு செய்ய இன்னும் இரண்டு. ஆனால் எண்கள் எல்லாம் செல்போனுக்குள் இருக்கும், போன் பையில் இருக்கும். மனப்பாடமாக ஒரு எண்கூடத் தெரியாத பிள்ளைகள்தான் இன்று அதிகம். உங்களுக்கு அழைப்பு வராததற்குப் பல நேரம் காரணம் இதுதான்.

இந்திய எண்ணுக்கு ஜெயில் போனிலிருந்து பேசுவது பல இடங்களில் முடியாது, முடிந்தாலும் மிகவும் சிரமம். அதனால் அமெரிக்காவில் இருக்கும் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். கூடத் தங்கியிருக்கும் பையன் நம்பகமானவர் என்றால் அவரே போதும். செக்யூரஸ், வயாபாத் போன்ற கம்பெனிகள்தான் பல ஜெயில்களில் போன் நடத்துகின்றன. எந்தக் கம்பெனி என்று ஜெயிலின் பக்கத்திலேயே போட்டிருக்கும். அந்த நண்பர் தன் எண்ணுக்கு அதில் கணக்குத் திறந்து முன்பணம் கட்டினால் அழைப்பு வரும். செல்போனுக்குச் சாதாரண கலெக்ட் கால் (எடுப்பவர் பணம் கட்டும் அழைப்பு) பெரும்பாலும் போகாது. நியூயார்க் நகர ஜெயில்களில் 2019-லிருந்தும் சான் பிரான்சிஸ்கோ ஜெயில்களில் 2020-லிருந்தும் அழைப்புகள் இலவசம். மற்ற பல இடங்களில் நிமிடக் கணக்கு.

அழைப்பு எப்படி வரும் என்பதையும் அந்த நண்பருக்குச் சொல்லி வையுங்கள். முன்பின் தெரியாத எண். எடுத்தால் மெஷின் குரல். இன்ன ஜெயிலில் இருப்பவரிடமிருந்து அழைப்பு என்று சொல்லும், நடுவில் ஒரு நொடி தம்பியின் சொந்தக் குரலில் பெயர் மட்டும் கேட்கும், பிறகு ஏற்றுக்கொள்ள ஒரு எண்ணை அழுத்து என்று சொல்லும், இது பதிவு செய்யப்படுகிறது என்றும் சொல்லும். ஏதோ விளம்பரம் என்று நினைத்து அந்தப் பெயர் வருவதற்குள் துண்டித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே இருப்பவருக்கு மறுபடி போன் முறை கிடைக்க மணிக்கணக்காகலாம். உங்களையும் சேர்த்துக் கான்ஃபரன்ஸ் போடச் சொல்லாதீர்கள், பல ஜெயில்களில் அதற்குத் தடை, கண்டுபிடித்தால் அழைப்பை வெட்டிவிடுவார்கள். அம்மா சொல்ல நினைப்பதை அந்த நண்பர் எழுதி வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டட்டும்.

இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: போனில் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. "என்னடா செஞ்ச?" என்பதுதான் எந்த அண்ணன் வாயிலும் முதலில் வரும். அதைக் கேட்டால் அவன் பதில் சொல்லுவான். அழுதுகொண்டே, தன்னை நியாயப்படுத்திக்கொண்டே, பாதி நினைவும் பாதிக் குழப்பமுமாகச் சொல்லுவான். அந்தப் பதிவை அரசு வக்கீல் கேட்டு வாங்கலாம். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்கவேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வைத்து வரிவரியாக எழுதிக் கோர்ட்டில் வைக்க முடியும். "மன்னிச்சுடு, தப்புப் பண்ணிட்டேன்" என்று அம்மாவிடம் சொல்வது நம் வீட்டில் வருத்தம், அங்கே ஒப்புதல் வாக்குமூலமாக ஆகலாம். நேரில் பார்க்கும்போதும், வீடியோவில் பேசும்போதும், டேப்லெட்டில் செய்தி அனுப்பும்போதும் இதே கவனம் வேண்டும். வக்கீலோடு பேசுவது மட்டும் ரகசியம்.

வேறு என்ன பேசுவது? சாப்பிட்டாயா, அடி ஏதும் பட்டிருக்கிறதா, மருந்து கிடைக்கிறதா. வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவர் வரும்வரை போலீஸ் எது கேட்டாலும் "வக்கீல் வேண்டும்" என்று மட்டும் சொல்லு, எதிலும் கையெழுத்துப் போடாதே. கார் எங்கே? போலீஸ் இழுத்துப் போயிருந்தால் தினமும் வாடகை ஏறும். வீட்டுச் சாவி யாரிடம்? வாடகை கட்டியாச்சா? சைவம் என்றால் உணவுக்கு எழுதிக் கேட்கும் படிவம் உள்ளே கிடைக்கும், கேட்கச் சொல்லுங்கள். ஜெயிலின் பெயரைச் சொல்லி அலுவலகத்துக்கு யாரும் மெயில் அனுப்பவேண்டாம். அவசர விடுப்பு என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, அடுத்ததை வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள்.

நீங்கள் எழுதவில்லை என்றாலும், கணவன் மனைவி சண்டையில் பிடித்திருந்தால் நிலைமை முற்றிலும் வேறு என்பதால் இதையும் எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் அந்த இரவே அவசரப் பாதுகாப்பு உத்தரவு போடப்படலாம், அது அதிகபட்சம் ஏழு நாள் செல்லும். பிறகு கோர்ட் நீண்ட கால உத்தரவு போடலாம். அது இருக்கும்வரை அவர் மனைவியிடம் போனில் பேசினாலும், நண்பர் மூலம் சொல்லி அனுப்பினாலும் அதுவே புதுக் குற்றம். ஊரில் இருக்கும் மாமியாரும் நாத்தனாரும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு "கேஸை வாபஸ் வாங்கு" என்று கெஞ்சுவதையும் மிரட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அங்கே வழக்கு அரசாங்கத்துடையது, அவள் நினைத்தாலும் வாபஸ் வாங்க முடியாது. சாட்சியைக் கலைத்ததாக உங்கள் பிள்ளை மேலேயே இன்னொரு வழக்கு விழலாம். அதைவிட முக்கியம், அடி வாங்கியவள் அவள். அந்த ஊரில் அவளுக்கும் யாரும் இல்லாமல் இருக்கலாம்.

கோர்ட்டுக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் கொண்டுபோக வேண்டும், ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேராது. சனி இரவு பிடித்திருந்தால் பெரும்பாலும் திங்கள் அல்லது செவ்வாய் ஆகும். அதற்குள் அரசு வக்கீல் வழக்குப் போட வேண்டாம் என்று முடிவு செய்தால் அப்படியே வெளியே விட்டுவிடுவார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்பது 1963-லிருந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பப்ளிக் டிஃபெண்டர் எனப்படும் இந்த இலவச வக்கீல் என்றால் ஏதோ கடமைக்கு வருபவர் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. அது தவறு. அந்தக் கோர்ட்டில் தினமும் நிற்பவர்கள் அவர்கள், முதல் நாளில் அவர்கள் நிற்பதே பெரிய உதவி.

ஜாமீனுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டுவதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள் என்பேன். சிறிய குற்றச்சாட்டு, முன் வழக்கு இல்லை, நிலையான வேலை என்றால் முதல் ஆஜரிலேயே பணம் இல்லாமல் சொந்தப் பொறுப்பில் விட வாய்ப்பு உண்டு. முழுத் தொகையையும் நீங்களே கட்டினால், ஒழுங்காக ஆஜராகி வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் பெயில் பாண்ட் ஏஜன்ட் வழியாகப் போனால் வழக்கமாக ஜாமீன் தொகையில் பத்து சதவீதம் அவருக்கு. அது திரும்ப வராது, உள்ளூரில் ஒருவர் கையெழுத்தும் போட வேண்டும். இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது.

எச்-1பி என்பதால் கிரிமினல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலும் தேவை, இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். "ஒத்துக்கொண்டால் சின்ன அபராதத்தோடு போய்விடும்" என்ற ஒப்பந்தம் அமெரிக்கக் குடிமகனுக்கு நல்லதாக இருக்கலாம், உங்கள் தம்பியை நாடு கடத்த அதுவே காரணமாகலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010-இல் பாடிலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கேள்வியை நேராகவே கேளுங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானால், தண்டனை வருவதற்கு முன்பே விசா முத்திரையை ரத்து செய்யலாம். தம்பி ஊருக்கு வர டிக்கெட் போடும் முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐஸ் அவரைப் பிடித்து வைக்கச் சொல்லி ஜெயிலுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறதா என்பதையும் ஜாமீனுக்கு முன்பே விசாரியுங்கள். கலிஃபோர்னியாவில் 2018 முதல் அமலில் உள்ள சட்டம் கவுன்ட்டி ஜெயில்கள் அப்படிப் பிடித்து வைப்பதைத் தடுக்கிறது. டெக்சாஸில் நேர்மாறு, அங்கே 2017-இல் வந்த சட்டம் ஒத்துழைக்கச் சொல்கிறது. அங்கே ஜாமீன் கட்டினால் வீட்டுக்கு வராமல் நேரே ஐஸ் காவலுக்குப் போய்விடலாம்.

இந்தியக் குடிமகன் கைதானால் தூதரகத்துக்குத் தானாகத் தகவல் போகாது. அவர் கேட்டால்தான் சொல்லுவார்கள். இலங்கைக்கும் அப்படித்தான். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் கேட்காமலே தெரிவிக்க வேண்டும். ஆகவே "என் கான்சுலேட்டுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்கும்படி தம்பிக்குச் சொல்லுங்கள், நீங்களும் சான் பிரான்சிஸ்கோ இந்தியக் கான்சுலேட்டுக்கு எழுதுங்கள். வக்கீல்கள் பட்டியல் தருவார்கள், போய்ப் பார்க்கலாம், எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரிக்கலாம். வெளியே எடுக்கவோ வக்கீல் பணம் கட்டவோ அவர்களால் முடியாது.

கைது விவரம் பொதுவில் கிடைப்பதால் மோசடிக்காரர்களும் அதைப் பார்க்கிறார்கள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், இவ்வளவு டாலர் உடனே அனுப்பினால் இன்று இரவே விட்டுவிடுவோம், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லுங்கள் என்று அழைப்பு வரலாம். தம்பியின் புக்கிங் எண்ணையே சரியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்த ஜெயிலும் அப்படி ஜாமீன் வாங்காது. வைத்துவிட்டு, ஜெயிலின் பக்கத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் போட்டு உறுதி செய்யுங்கள்.

சில நாள் ஆகும் என்றால் அவன் கணக்கில் கொஞ்சம் பணம் போடச் சொல்லுங்கள். சோப்பு, காபி, நொறுக்குத் தீனி உள்ளே விலைக்குத்தான். கடிதம் எழுதினால் உறையில் முழுப் பெயரும் எண்ணும் வேண்டும். விபூதி, குங்குமம், சாமி படம், ஸ்டிக்கர் எதையும் உள்ளே வைக்காதீர்கள், கடிதமே திரும்பிவிடும். புத்தகம் பொதுவாகக் கடையிலிருந்து நேராகப் புதிதாகப் போக வேண்டும். நேரில் பார்க்கப் போகும் நண்பர் முன்பதிவு செய்து, ஒரிஜினல் அடையாள அட்டையோடு போகட்டும்.

விடுதலை எந்த நேரத்திலும் நடக்கும், நள்ளிரவு தாண்டியும் வெளியே விடுவார்கள். டப்ளின் ரயில் நிலையம் ஜெயிலிலிருந்து நடக்கிற தூரம் இல்லை, அந்த நேரத்தில் ரயிலும் ஓடாது. அவன் போனில் சார்ஜ் இருக்காது. அந்த நண்பர் காரோடும் சார்ஜரோடும் ஒரு ஸ்வெட்டரோடும் போய் நிற்கட்டும். வரும்போது கையில் கொடுக்கும் காகிதங்களில் அடுத்த கோர்ட் தேதி இருக்கும். அதை அங்கேயே போட்டோ எடுத்து உங்களுக்கும் வக்கீலுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தேதியில் போய் நிற்காவிட்டால் நீதிபதி பிடிவாரண்ட் போடுவார், கட்டிய ஜாமீனும் போய்விடும்.